அந்த சைகாட்டைப் பார்த்து ‘பாவம்’ சொல்லாதீர்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு விருந்தாளிகளை அழைத்துப் போனால், எல்லோரும் ஒரு சைகாட் (பனைபோலத் தெரியும், ஆனால் பனை இல்லை) முன்னால் நின்று ‘அய்யோ பாவம்’ என்கிறார்கள். உலகத்திலேயே தனிமையான மரம் என்று எங்கேயோ படித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இதைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது.

மரத்தின் பெயர் என்செபலார்டோஸ் வுடியை. 1895இல் இதே பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட், ஓங்கோயே காட்டோரச் சரிவில் இதைக் கண்டார். நாலு தண்டு கொண்ட ஒற்றைத் தூறு, அதுவும் ஆண். முதலில் பக்கக் கன்றுகள் வந்தன, 1907இல் பெரிய தண்டுகளும் டர்பனுக்கு வந்தன. மிச்சமிருந்ததை 1916இல் பெயர்த்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று உலகத் தோட்டங்களில் நிற்பவை எல்லாம் அந்த ஒரே தூறின் கன்றுகள்தான், எல்லாமே ஆண். பெண்ணை யாரும் இதுவரை கண்டதில்லை, தனிமை என்பது அதனால்தான்.

சைகாட்டில் ஆண் வேறு, பெண் வேறு. பழம் கிடையாது, விதை கூம்பின் செதில்மேல் மூடாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பைன், கிங்கோ, வெல்விட்சியா எல்லாவற்றோடும் சேர்த்து இதை ஜிம்னோஸ்பெர்ம் என்கிறோம். ஆண் கூம்பு முதிரும்போது தானாகவே சூடேறி வாசனை விடும். சின்னக் கூன்வண்டுகள் அந்த வாசனைக்கு வந்து மகரந்தத்தைச் சுமந்துபோகும். பெண் கூம்புக்குள் போனபின் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி: மகரந்தத்திலிருந்து வரும் விந்தணு உண்மையிலேயே நீந்துகிறது! கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்குப் பெரியது, உடம்பைச் சுற்றிச் சுருளாக ஆயிரக்கணக்கான மயிரிழைகள். பாசியும் பெரணியும் தண்ணீரில் நீந்திக் கூடிய காலத்துப் பழக்கம், விதை வந்தபிறகும் விடவில்லை. கிங்கோவும் அப்படித்தான், அதில் 1896இல் ஜப்பானின் ஹிராசே முதலில் கண்டார். பைனும் நம் நாட்டு மரமான யெல்லோவுட்டும் நீச்சலைக் கைவிட்டுவிட்டன. மகரந்தக் குழாயே விந்தணுவை முட்டைவரை கொண்டுபோய்விடும். யெல்லோவுட்டுக்குப் பைன்போல மரக்கட்டையாக இறுகிய கூம்பும் கிடையாது. விதைக்கு அடியில் காம்பு சதைபிடித்துக்கொள்ளும், பறவைகளுக்கு அது போதும்.

“அத்தை, அப்போ இது டைனோசர் காலத்து மரம்தானே?” என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த அண்ணன் மகன் கேட்டான். குலம் அவ்வளவு பழையது, அதைவிடவும் பழையது. ஆனால் இனம்? 2011இல் வெளியான மரபணு ஆய்வு, இன்றுள்ள சைகாட் இனங்களில் பெரும்பாலானவை சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்றது. டைனோசர்கள் போய் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூக்கும் தாவரங்கள் உலகையே பிடித்துக்கொண்ட பிறகும் சைகாட் புதுசுபுதுசாகப் பிரிந்துகொண்டிருந்தது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டத்தை நான் வகுப்பிலேயே ஒழித்துவிட்டேன்.

அதனால் வுடியைக்கு வயதாகிவிட்டது, காலம் முடிந்துவிட்டது என்றெல்லாம் நினைக்காதீர்கள். இருந்த கடைசித் தண்டையும் காட்டிலிருந்து பெயர்த்தவர்கள் மனிதர்கள். இன்றும் அதே கதைதான்: திருடர்கள் சைகாட்டை வேரோடு தோண்டி, அலங்காரத் தோட்டம் வைக்கும் பணக்காரர்களிடம் விற்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இதையும் சேர்த்து மூன்று இனங்கள் காட்டில் அறவே இல்லாமல் போய்விட்டன. அண்ணன் மகனுக்கும் வீட்டு முன்னால் ஒன்று வைக்க ஆசை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கன்றுகூட வாங்காதே, மலிவாக யாராவது கொடுத்தால் இன்னும் சந்தேகப்படு என்று சொல்லி அனுப்பினேன்.

‘நேட்டால் சைகாட்’ என்ற உறவினத்தின் பெண்ணோடு வுடியையின் மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்பினக் கன்றுகள் எடுத்திருக்கிறார்கள். அவற்றின் பெண்ணை மறுபடி வுடியையோடு சேர்த்துக்கொண்டே போனால் அசலுக்கு நெருங்கலாம், ஆனால் அசல் ஆகாது. இன்னொரு பக்கம், ஓங்கோயே காட்டின்மேல் ட்ரோன் விட்டு, படங்களைக் கணினிக்குக் கொடுத்து, பெண் செடி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைத்தால் இடத்தை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாமல் இருக்கட்டும்.