எழுதிட்டேன் ஆயா

“எழுதிட்டேன் ஆயா” என்றுதான் சொன்னேன். எழுதவில்லை.

2011 பிப்ரவரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏற்காட்டில் நாகலூர் தாண்டி எனக்குக் கொடுத்த பிளாக். சாக்கில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆயாவும் மருமகளும் மட்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. எப்போ வருவார் என்று கேட்டேன்.

“சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்துருவான் சாமி.”

திருவிழா மே மாதம். எனக்கு வேண்டியது பிப்ரவரி 28. ஒன்பதாம் தேதியிலிருந்து அன்றுவரை ஒரு நாளும் வீட்டில் இல்லாதவரை அங்கே சேர்க்கக் கூடாது, இருக்கிற ஊரில் எழுதிக்கொள்வார்கள். பயிற்சியில் சலிக்கச் சலிக்கச் சொன்ன விதி. “இருபத்தெட்டுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போவாரா?” என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்றுதான் கேட்டேன். ஆயாவுக்கு அது பிடிபடவில்லை.

“ரேஷன் கார்டுல பேர் இருக்குது. ஓட்டு இங்கதான் போடறான். நீ எழுதறதுல மட்டும் எப்படி இல்லாமப் போவான்?”

அதற்குத்தான் அந்தப் பதில். ஆயா கைநாட்டு வைத்தார். மை கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் இழுபட்டுவிட்டது. படிவத்தை மெஷின் படிக்கும், கறை படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கறையைப் பற்றித்தான் கவலை.

விதிப்படி நான் செய்தது சரி. இரண்டு ஊரிலும் எழுதினால் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவான். ஆனால் அதே நாளில், எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீட்டில், சேலத்தில் தங்கிப் படிக்கிற பையனைக் கேள்வி கேட்காமல் எழுதினேன். “இருபத்தெட்டுக்குள்ள வந்துருவான் சார்” என்றார், அவ்வளவுதான். அவருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை தெரிந்திருந்தது. வந்தானா என்று நான் போய்ப் பார்க்கவா போகிறேன்?

அப்புறம் முடிவுகள் வந்தன. தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். 2001-ல் 480. நகரங்களில் இருப்பவர்கள் 48 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். மலைக்குக் கீழே சேலம் மாநகராட்சியில் மட்டும் சுமார் 91 சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சம் பேருக்கு மேல். நீலகிரியிலோ பத்து வருடத்தில் எண்ணிக்கை குறைந்தே போயிருந்தது. வகுப்பில் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். 555 என்று எழுதும்போது அந்த மகன் எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறான் என்று தோன்றும். திருப்பூரில் ஒரு அறையில் ஆறு பேர், மாற்றி மாற்றி ஷிப்ட். அங்கே போன வாத்தியார் கதவைத் தட்டியபோது பூட்டு தொங்கியிருந்தால்? என்னைப் போலவே அவரும், சொந்த ஊரில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தால்? இல்லை, எழுதியிருப்பார். எழுதியிருக்க வேண்டும்.

2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் இப்போது 2027 என்றாகிவிட்டது. இந்த முறை செல்போனில் அவரவரே பதிந்துகொள்ளவும் வழி உண்டாம். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். மகன் மனைவியையும் கூட்டிக்கொண்டு திருப்பூரிலேயே தங்கிவிட்டானாம். அப்படியானால் அன்றைக்கு நான் அவனை மலைக் கணக்கில் சேர்க்காததுதான் சரி.

ஆயா இருக்கிறாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.