குறுக்கு ஸ்க்ரோல் பார் எங்கிருந்து வருகிறது?

வலைப்பக்கத்தின் அடியில் தேவையில்லாமல் ஒரு குறுக்கு ஸ்க்ரோல் பார் தோன்றினால், அதை மறைக்கும் வழியைத் தேடுவதற்கு முன்பு அது ஏன் வந்தது என்று தேட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பக்கத்துக்குள் ஏதோ ஒன்று தனக்கு ஒதுக்கிய அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்தான் பிரவுசர் அந்தப் பட்டையைக் காட்டுகிறது. பட்டையை மறைத்துவிட்டாலும் நீட்டிக்கொண்டிருப்பது உள்ளே இழுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைப் பார்ப்பதற்கு இருந்த வழிதான் அடைபடும்.

சேலத்தில் சிறு வணிகர்களுக்கு வலைத்தளம் அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டித் தங்கும் விடுதி நடத்தும் பெரியவர் ஒருவர், கோடை விழாவுக்கான முன்பதிவுகள் வரத் தொடங்கிய சமயத்தில் அழைத்து, "தம்பி, போன்ல பார்த்தா நல்லாத்தான் இருக்குதுங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் பக்கம் சைடுல ஆடுதுங்க" என்றார். போனில் சரியாக இருக்கிறது, விண்டோஸ் கணினியில் மட்டும் ஆடுகிறது என்றால், ஸ்க்ரோல் பார் இடம் பிடித்துக்கொள்ளும் கணினிகளுக்கும் இடம் பிடிக்காமல் பக்கத்தின் மேல் மிதக்கும் கருவிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

போன்களில் பட்டை மெல்லிய கோடாக வந்து மறையும். அதற்கென்று அகலம் ஒதுக்கப்படுவதில்லை. மேக் கணினிகளில் 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து இதே முறைதான், ஆனால் அமைப்பைத் தானியங்கியாகவே விட்டிருந்தால், மவுஸ் ஒன்றைச் செருகியவுடன் பட்டை நிலையாக இடம் பிடித்துக்கொள்ளும். டச்பேடை மட்டும் பயன்படுத்தும் வடிவமைப்பாளரின் கண்ணில் கடைசிவரை படாத குறை, வாடிக்கையாளர் திறந்த அந்த நிமிடமே தெரிவதற்கு இதுதான் காரணம். விண்டோஸில் குரோம் திறந்தால் செங்குத்துப் பட்டை பதிப்பைப் பொறுத்து 15 அல்லது 17 பிக்சல் அகலத்தை எடுத்துக்கொள்கிறது.

விடுதித் தளத்தின் முகப்பில் பள்ளத்தாக்குப் படம் ஒன்று முழு அகலத்துக்கு விரிக்கப்பட்டிருந்தது. முன்பு வேறொருவர் அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்த அகலம் 100 விடபிள்யூ (vw). விடபிள்யூ என்ற அளவு, சன்னலின் அகலத்தைச் செங்குத்துப் பட்டையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. 1366 பிக்சல் அகலமுள்ள திரையில் பட்டைக்கு 15 போனால் பக்கத்துக்கு மிஞ்சுவது 1351. படமோ 1366 பிக்சலுக்கு விரிகிறது. பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவியான டெவலப்பர் டூல்ஸின் கன்சோலில், பக்கம் முழுவதையும் உள்ளடக்கிய முதன்மை உறுப்பின் ஸ்க்ரோல் விட்த் அளவையும் (உள்ளடக்கம் பரவும் அகலம்) கிளையண்ட் விட்த் அளவையும் (பட்டை போக மிஞ்சும் அகலம்) கேட்டுப் பார்த்தால் இந்த இரண்டு எண்களும் அப்படியே வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பட்டையின் அகலத்துக்குச் சரியாக இருந்தால் 100 விடபிள்யூ எங்கோ இருக்கிறது என்று ஏறத்தாழ முடிவே கட்டிவிடலாம். அதை 100 சதவீதம் என்று மாற்றியதும் படம் தன் இடத்துக்குள் அடங்கியது.

இந்த இடத்தில் பலர் எடுக்கும் குறுக்கு வழி, பக்கம் முழுவதையும் சுற்றியுள்ள பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிடன், அதாவது பக்கவாட்டில் வழிவதை மறை, என்று சிஎஸ்எஸ் எனப்படும் தோற்ற விதிகளில் எழுதிவிடுவது. இதை நான் ஏற்பதில்லை. குறுக்கு, செங்குத்து என்ற இரண்டில் ஓர் அச்சில் ஹிடன் என்று கொடுத்து மற்றதை விசிபிள் (வழிவதை அப்படியே காட்டு) என்று விட்டால், அந்த மற்றதைப் பிரவுசர் ஆட்டோ (வழிந்தால் பட்டை போடு) என்றே எடுத்துக்கொள்ளும் என்பது விதி. பெட்டிக்கு உயரம் கட்டப்பட்டிருந்தால், ஒரு குறுக்குப் பட்டை போன இடத்தில் இரண்டாவது செங்குத்துப் பட்டை முளைக்கும். அதோடு, மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி மெனு அந்தப் பெட்டியையே தன் உருளும் எல்லையாகக் கருதி, பக்கத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும். அலங்காரத்துக்காகவே வெளியே நீளும் உறுப்பை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஓவர்ஃப்ளோ கிளிப் என்ற மதிப்பு இருக்கிறது; அது புதிய உருளும் எல்லை எதையும் உருவாக்குவதில்லை.

படத்தைச் சரிசெய்த பிறகும் தமிழ்ப் பதிப்பில் மட்டும், சன்னலைக் குறுக்கினால் பக்கம் ஆடியது. ஆங்கில வார்ப்புருவை வாங்கித் தமிழில் நிரப்பும் எல்லோரும் இந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஆங்கிலத்தில் "புக் நவ்" என்று இரண்டு சிறு சொற்கள் இருந்த பொத்தானில் "முன்பதிவுசெய்துகொள்ளுங்கள்" என்று சேர்த்து எழுதப்பட்டிருந்தது. இடைவெளி இல்லாததால் அந்தச் சொல்லைப் பிரவுசர் எங்கும் மடிக்காது. ஃப்ளெக்ஸ் முறையில், அதாவது இடத்துக்கேற்ப விரிந்து சுருங்கும்படி, அடுக்கிய உறுப்புகள், தம்முள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகுவதற்கு இயல்பாகவே மறுக்கும். ஆகவே பொத்தான் குறுகாமல் பக்கத்தைத் தள்ளுகிறது. நீளமான சொல்லை உடைக்கச் சொல்லும் ஓவர்ஃப்ளோ ராப் என்ற பண்புக்கு பிரேக் வேர்ட் என்று கொடுத்துப் பார்ப்பவர்கள் பயனில்லை என்று சலித்துக்கொள்வார்கள், ஏனெனில் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த மதிப்பு கணக்கில் வருவதில்லை. எனிவேர் என்று கொடுத்தால் வரும். ஆனால் எனிவேர் சொல்லை எந்த எழுத்துக்குப் பின்னும் உடைத்துவிடும், "கொள்ளுங்" ஒரு வரியிலும் "கள்" அடுத்த வரியிலும் நிற்பது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சொல் இயல்பாகப் பிரியும் இடங்களில், அதாவது "முன்பதிவு", "செய்து", "கொள்ளுங்கள்" என்பவற்றுக்கு இடையே, டபிள்யூபிஆர் என்ற குறியை இட்டுவிடுவதே நான் செய்தது. தேவைப்பட்டால் மட்டும் அங்கே மடியும், கண்ணுக்கு எந்தக் குறியும் தெரியாது.

உயரத்திலும் தமிழுக்குத் தனித் தேவை உண்டு. அறை வாடகைப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆங்கில எழுத்தை வைத்து உயரம் நிர்ணயித்து, ஓவர்ஃப்ளோ ஆட்டோ என்று எழுதியிருந்தார்கள். விண்டோஸ் தமிழுக்குக் கொண்டுவரும் நிர்மலா யுஐ எழுத்துருவின் வரி அதைவிட உயரமானது. விளைவாக, ஒற்றை வரி வாடகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் இரண்டு மூன்று பிக்சல் மட்டுமே நகரும் குட்டிப் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் என்று மாற்றினால் போதும்.

தவறு செய்யும் உறுப்பைக் கண்டுபிடிப்பதற்கு ஃபயர்பாக்ஸின் இன்ஸ்பெக்டரைப் பரிந்துரைக்கிறேன். உருளும் பெட்டியின் அருகே "ஸ்க்ரோல்" என்று சிறு அடையாளம் இருக்கும், அதைச் சொடுக்கினால் வழியும் உறுப்புகளைச் சுட்டிக்காட்டும். வேறு பிரவுசரில் எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு அவுட்லைன் (இடம் பிடிக்காத வெளிக்கோடு) போட்டுப் பார்க்கலாம். பார்டர் போடக் கூடாது. அது தானே அகலத்தைக் கூட்டிவிடும்.

பக்கத்தில் குறையே இல்லாமலும் சில புகார்கள் வரும். 2022இல் வந்த ஃபயர்பாக்ஸ் 100 முதல் விண்டோஸ் 11இல் பட்டை மெலிந்து மறைந்துகொள்கிறது. எப்போதும் காட்டும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போது மவுஸ் பக்கவாட்டில் வெகுதூரம் விலகினால் பக்கம் தொடங்கிய இடத்துக்கே தாவுவதும் பழைய வழக்கம்தான். படிக்கும்போதே பட்டை சுருங்கிக்கொண்டு போனால், படங்கள் தாமதமாக வந்து பக்கத்தை நீட்டுகின்றன என்று பொருள். படத்துக்கு அகலமும் உயரமும் முன்கூட்டியே எழுதினால் நிற்கும். நீளமான பக்கத்திலிருந்து குட்டையான பக்கத்துக்குப் போகும்போது உள்ளடக்கம் முழுவதும் சற்று வலப்புறம் நகர்ந்தால், பட்டைக்கு எப்போதும் இடம் ஒதுக்கி வைக்கும் ஸ்க்ரோல்பார் கட்டர் என்ற பண்புக்கு ஸ்டேபிள் என்று கொடுக்க வேண்டும். குரோம் 2021இலும், ஃபயர்பாக்ஸ் 2022இலும், சஃபாரி 2024இலும் அதை ஏற்றுக்கொண்டன.

இப்போது எந்தத் தளத்தையும் ஒப்படைப்பதற்கு முன்பு, மவுஸ் செருகிய விண்டோஸ் கணினியில் தமிழ்ப் பதிப்பைத் திறந்து, சன்னலை 360 பிக்சல் வரை குறுக்கியும், 110 சதவீதத்துக்குப் பெரிதாக்கியும் பார்த்துவிடுகிறேன். ஆங்கிலப் பதிப்பைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.