நடு சீட்டைப் பின்னாலிருந்து மடக்க ஒரு நாடா

ஏழு பேர் உட்காரும் வண்டிகளில் நடு சீட்டை மடக்கும் லீவர் பெரும்பாலும் கதவுப் பக்கம்தான் இருக்கும். கடைசி சீட்டில் இருப்பவர் கைக்கு எட்டாது. பெங்களூரிலிருந்து ஊருக்குக் கிளம்பி, ஓசூர் தாண்டி டீக்கு நிறுத்தினால், யாராவது வந்து சீட்டை மடக்கிவிடும்வரை பாட்டி பின்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 40 செ.மீ. நாடாவில் இதற்கு வழி இருக்கிறது. தப்பாகக் கட்டினால் ஆபத்தும் அதே நாடாவில்தான்.

வேண்டியது: பள்ளிக்கூடப் பை வார் மாதிரி 25 மி.மீ. நைலான் நாடா, 4 மி.மீ. ஸ்டீல் டி-ஷேக்கிள் (குறுக்கே திருகுப் பின் போட்டு மூடும் D வடிவ வளையம்) ஒன்று, கொஞ்சம் வெல்க்ரோ. நாடாவின் ஒரு நுனியில் நாலு விரல் நுழையும் வளையம், மறு நுனியில் ஷேக்கிளுக்குச் சின்ன வளையம். சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து, தடித்த நைலான் நூலில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முடிச்சு வேண்டாம், நைலான் வழுக்கும், முடிச்சு இளகிவிடும். கேபிள் டையும் வேண்டாம். வெயிலில் காய்ந்து ஒரு நாள் பட்டென்று உடையும்.

சீட்டின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியை, டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும். உள்ளே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது; அந்த சீட்டை விட்டுவிடுங்கள். லீவரை ஒருவர் மெல்ல இழுக்க, உள்ளே எந்தத் தகடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அந்தத் தகட்டில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் அதில் ஷேக்கிளை மாட்டலாம். இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். புதிதாக ஓட்டை போட்டால் தகடு பலவீனமாகும். நாடா, தகடு நகரும் திசையிலேயே இழுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் தகட்டின் கூர் விளிம்பு நாளடைவில் நாடாவை அறுத்துவிடும்.

உயிர்நாடி தளர்ச்சிதான். சீட் பூட்டியிருக்கும்போது நாடா 3 செ.மீ.யாவது தொய்வாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் சீட்டைப் பூட்டும் கொக்கி பாதிதான் விழும். கையால் ஆட்டினால் பூட்டியது போலவே இருக்கும், ஆனால் திடீர் பிரேக்கில் சீட் முன்னால் கவிழும். முதுகுச் சாய்மானத்தை முன்னும் பின்னும் எந்தக் கோணத்தில் வைத்தாலும் அந்தத் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சாய்க்கும்போதுதான் பல வண்டிகளில் நாடா விறைக்கும். பத்துத் தடவை மடக்கிப் பூட்டி, ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் சரியாகப் பூட்டாவிட்டால் சிவப்புக் குறி தெரியும். அதையும் கவனியுங்கள்.

இதற்கு சீட்டின் போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. ஏறி இறங்க வசதி என்று சீட்டையே கழற்றிவிடுவது வேறு விஷயம்: இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது, வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே வரும்.

நாடாவை வெல்க்ரோ போட்டு சீட் முதுகோடு ஒட்டி வையுங்கள், சாமானில் மாட்டாது. கடைசி சீட்டில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் வண்டியில் மட்டும் இதைப் பொருத்தவே வேண்டாம். தொங்கும் வளையத்தைப் பிள்ளைகள் இழுக்காமல் இருக்க மாட்டார்கள்.