அடையாள அட்டை

இன்று கொழும்பு காலிமுகத்திடலில், அந்தப் பெரிய ஹோட்டலுக்கு முன்னால் பஸ் நின்றது. வெறும் ட்ராஃபிக்தான். ஆனாலும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

முன்பு அந்த இடத்தில்தான் இராணுவத் தலைமையகம். 2006 ஏப்ரல் 25 அன்று, ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணி என்று உள்ளே போன பெண் குண்டை வெடிக்க வைத்தார். அப்போதைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா படுகாயமடைந்தார்.

அதன்பிறகு தமிழர்களான எங்களுக்குச் சோதனைச்சாவடிதான் வாழ்க்கை. பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. அப்போது எங்கள் அடையாள அட்டையில்தான் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். ஆமிக்காரர் பெயரை வாசிக்கவே தேவையில்லை, எழுத்தைப் பார்த்ததும் "நீங்க இந்தப் பக்கம்". எடுத்து எடுத்து என் அட்டையின் லேமினேட் மூலையில் பிய்ந்தே போயிற்று.

சரி, அந்தச் சோதனைகளால் இராணுவ முகாம்கள் காப்பாற்றப்பட்டனவா? 2001இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்துக்குள் புகுந்த புலிகள் 14 பேர். 2007இல் அநுராதபுரம் விமானப்படைத் தளத்தில் 21 பேர். எல்லாம் இருட்டில். பஸ் வரிசையில் நின்றா வந்தார்கள்? தளத்துக்குக் காவல் என்றால் வேலியும், தூங்காத சென்றிக் காவலரும், வாசலில் யார் என்ன சொல்லி உள்ளே வருகிறார் என்ற கவனமும்தான். எங்கள் அட்டை அல்ல.

2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்றும் இதே ஹோட்டல்தான்.

பஸ் கிளம்பிவிட்டது. கை இன்னும் பையில்தான் இருந்தது.