டேவிட் லிஞ்சின் அருவிக்கரையில்

சியாட்டிலிலிருந்து கிழக்கே ஐ-90 நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் போதும், நகரம் பின்னால் போய்க் காடு தொடங்கிவிடுகிறது. நாங்கள் போனது நவம்பரில். காலையிலிருந்தே தூறல். சாலையின் இருபுறமும் டக்ளஸ் ஃபர் மரங்கள், அவற்றின் பாதி உயரம்வரை மேகம் இறங்கியிருந்தது. மழை விட்டதும் போகலாமே என்றான் வண்டி ஓட்டிய நண்பன். வேண்டாம் என்றேன். பல வருடங்களுக்கு முன் இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இந்த இடத்தை முதலில் பார்த்தபோதும் இப்படித்தான் நனைந்து கிடந்தது.

ஸ்னோக்வால்மி அருவியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் காதில் விழுந்துவிட்டது. 82 மீட்டர் உயரத்திலிருந்து மொத்த ஆறும் குதிக்கிறது. பாறை விளிம்பில் ஒரு விடுதி. தொடரில் கிரேட் நார்தர்ன் ஹோட்டலாக வெளியிலிருந்து காட்டப்பட்டது இதுதான். ஸ்னோக்வால்மி பழங்குடியினருக்கு இந்த அருவி புனிதமான இடம். 2019ல் அவர்களே அந்த விடுதியை வாங்கிவிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீர்த்துளி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. தொடரின் தொடக்கக் காட்சி அப்படியே நினைவுக்கு வந்தது: ஒரு சிறு பறவை, மர ஆலையில் பொறி பறக்கச் சாணை பிடிக்கப்படும் ரம்பப் பற்கள், அப்புறம் இந்த அருவி. பின்னணியில் ஏஞ்சலோ படலமென்டியின் இசை. ஒவ்வொன்றிலும் நின்று நிதானமாகப் பார்க்கும் கேமரா. 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் இது முதன்முதலாக ஒளிபரப்பானது. இவ்வளவு பொறுமையை அன்றைய தொலைக்காட்சியில் கொண்டுவர லிஞ்சுக்குத் துணிச்சல் இருந்திருக்க வேண்டும்.

இந்தக் காடு அவருக்கு அந்நியமானதல்ல. 1946ல் மொன்டானா மாநிலத்து மிசூலாவில் பிறந்தவர். அப்பா அமெரிக்க வேளாண் துறையில் மரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. ஐடஹோ, வாஷிங்டன் என்று குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. தொடரில் துப்பறிய வரும் கூப்பர் எஃப்பிஐ அதிகாரி. அவர் ஷெரிஃபிடம் ஆசையாக விசாரிப்பது இந்த மரங்களின் பெயரைத்தான். அந்தக் காட்சியில் எனக்கு லிஞ்சின் அப்பாதான் தெரிகிறார்.

ஸ்னோக்வால்மி ஊருக்குள், கூரை போட்ட ஒரு மேடையில், ஆள் உயரத்தையும் மிஞ்சிய தடிமனில் ஒரு பெரிய மரத்துண்டு கிடக்கிறது. அதைப் பார்த்ததும் தொடரில் மரக்கட்டையைக் குழந்தைபோல் ஏந்தித் திரியும் 'லாக் லேடி' நினைவுக்கு வருவார். அந்த வேடத்தில் நடித்த கேத்தரின் கூல்சன், லிஞ்சின் முதல் முழுநீளப் படமான 'எரேசர்ஹெட்'டில் உதவியாளராக வேலை செய்தவர். பணம் தீர்ந்து தீர்ந்து, சுமார் ஐந்து வருடம் இழுத்து 1977ல் வெளிவந்த படம் அது. இடையில் லிஞ்ச் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுப் பிழைத்திருக்கிறார். கூல்சன் கையில் மரக்கட்டையோடு வரும் யோசனை அந்த நாட்களிலேயே லிஞ்ச் மனதில் விழுந்துவிட்டது. பத்து வருடத்துக்கும் மேலாக அதை வைத்துக் காத்திருந்தார். 2015ல் கடும் நோயிலும் கூல்சன் கடைசியாக ஒருமுறை அந்த வேடத்தில் நடித்தார், சில நாட்களில் இறந்தும் போனார். அந்தக் காட்சிகளை என்னால் இன்னும் கண் கலங்காமல் பார்க்க முடிவதில்லை.

மதியம் நார்த் பெண்டில் இருக்கும் ட்வீட்ஸ் கஃபேக்குப் போனோம். தொடரின் டபுள் ஆர் உணவகம். 2000ல் யாரோ வைத்த தீயில் உள்ளே எரிந்துபோய் வேறு தோற்றத்தில் நடந்துவந்த கடையை, 2015ல் புதிய அத்தியாயங்களின் படப்பிடிப்புக்காகப் பழையபடியே மாற்றியிருக்கிறார்கள். நீண்ட கவுன்டரில் உட்கார்ந்து செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரமும் கறுப்புக் காபியும் வாங்கினோம். பை நன்றாகப் புளித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொடரைப் பார்த்திராத நண்பனுக்கு அங்கேதான் ஃபிராங்க் சில்வாவின் கதையைச் சொன்னேன். அவர் நடிகரே அல்ல, செட்டில் மேசை நாற்காலி அடுக்கும் ஊழியர். ஒரு காட்சியில் தவறுதலாகக் கண்ணாடியில் அவர் உருவம் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும் என்றார் கேமராமேன். யார் தெரிகிறார் என்று கேட்டார் லிஞ்ச். ஃபிராங்க் என்றதும் அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டார். தொடரின் மிகப் பயங்கரமான பாத்திரமான பாப் அப்படித்தான் வளர்ந்தது.

லிஞ்சின் மொத்தப் பயணமும், தவறிப்போனதையும் விடாமல் பயன்படுத்திக்கொள்ளும் இந்தக் குணத்தில்தான் நிற்கிறது என்பேன். 1984ல் அவருடைய 'டியூன்' படம் பெரும் தோல்வி. இரண்டே வருடத்தில் 'ப்ளூ வெல்வெட்' எடுத்தார். 1991ல் 'ட்வின் பீக்ஸ்' நிறுத்தப்பட்டது. அடுத்த வருடமே அதைத் திரைப்படமாக்கினார். 'மல்ஹாலண்ட் டிரைவ்' முதலில் தொலைக்காட்சித் தொடருக்கு மாதிரியாக எடுத்த பைலட் எபிசோட். ஏபிசி வேண்டாம் என்று ஒதுக்கியதும், பிரெஞ்சுப் பணத்தில் கூடுதல் காட்சிகள் எடுத்து முழுப் படமாக்கி, 2001ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதை ஜோயல் கோயனோடு பகிர்ந்துகொண்டார். 2017ல் 71 வயதில் 'ட்வின் பீக்ஸ்' திரும்பி வந்தபோது பதினெட்டு அத்தியாயங்களையும் அவரே இயக்கினார். 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது 79 வயது நிறைய சில நாட்களே இருந்தன.

"அந்தக் கண்ணாடி ஷாட் எந்த எபிசோட்?" என்று நண்பன் கேட்டான். முதல் எபிசோட்டின் கடைசியில் என்றேன். இரவே பார்த்துவிடலாம் என்று முடிவானது.

திரும்பும் வழியில் ரெய்னிக் சாலையில் நிறுத்தச் சொன்னேன். தொடரில் ஊர்ப் பெயர்ப் பலகை நின்ற இடம் அதுதான். அதன் பின்னால் தெரியும் சை மலையைக் காணவில்லை. மேகம் முழுவதுமாக மூடியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். விலகுவதாக இல்லை. சரி என்று மேகத்தையே படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.