கரிசலில் ஒரு வீடு

பிப்ரவரி 4, 2024

அப்பா கட்டிய வீட்டை நாளை இடிக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை விரிசல்களைப் பார்த்து வந்தேன். எல்லாம் சன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஏறுபவை. கோடையில் அகலும், ஐப்பசி மழையில் கொஞ்சம் மூடும். இருபது வருடம் சிமெண்ட் பூசி மறைத்தோம். நாலடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கருங்கல் அடுக்கினார் அப்பா. செம்மண் ஊரில் அது போதும். எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் அந்த ஆழம் வரைக்கும் மண் அசைந்துகொண்டே இருக்கிறது. வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சிய பக்கம் மண் சுருங்கிச் சுவர் இறங்கியது. குளியலறைத் தண்ணீர் தேங்கிய பக்கம் மண் உப்பிச் சுவரைத் தூக்கியது. பாவம், வீடு என்ன செய்யும்?

பிப்ரவரி 11

புது வீட்டுக்கு இரண்டு மனை பார்த்தோம். கண்மாய்க்குக் கீழே இருப்பது மலிவு. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டேன். "அடைமழைக்கு மூணு நாள் முழங்கால் தண்ணி நிற்கும் தாயி" என்றார். அதோடு முடிந்தது. மேட்டு மனையையே வாங்குகிறோம். பத்திரம் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 20

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மனையின் மண்ணைச் சோதித்தார்கள். உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட்டார்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர். ஒரு நாள் முழுதும் அசையாமல் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, ஆகவே அதுதான் ஒப்பீட்டுக்கான அளவு. இன்று காலை போய்ப் பார்த்தேன். மண்ணின் அளவு மண்ணெண்ணெயில் 11 மி.லி., தண்ணீரில் 19 மி.லி. எழுபது சதவீதத்துக்கும் மேல் வீக்கம்! ஐம்பதைத் தாண்டினாலே மிக அதிகம் என்பது கணக்கு. குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அப்பாவின் சுவர்தான் கண்ணுக்குள் வந்தது. இவ்வளவு எளிய சோதனையை அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்று தொண்டை அடைத்தது.

மார்ச் 3

ஆழக் குழிகளில் கான்கிரீட் தூண்கள் இறக்கி அவற்றின்மேல் வீட்டைக் கட்டலாம் என்றேன். "மண்ணுக்குள்ளே போடுகிற பணத்தை யாரம்மா பார்க்கப் போகிறார்கள்? அதில் மாடியில் ஒரு அறை எடுக்கலாம்" என்றார் அண்ணன். மேஸ்திரி அண்ணாச்சியும் ஆறடிக்கு ஃபுட்டிங், அதாவது அகலமான கான்கிரீட் அடித்தளம், போட்டால் போதும் என்கிறார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாடி அறையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். அஸ்திவாரத்தைப் பிறகு மாற்ற முடியாது.

மார்ச் 18

துளையிடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். முக்காலி நட்டு, திருகுக் கருவியை நான்கு பேர் சுற்றிச் சுற்றி இறக்குகிறார்கள். குழியின் விட்டம் 30 செ.மீ., ஆழம் 4 மீட்டர். அடிப்பகுதியில் வேறொரு கருவி விரிந்து குழியைக் குடம்போல 75 செ.மீ. அகலத்துக்குக் குடைகிறது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை இது. மேல்மண் உப்பித் தூணைத் தூக்கப் பார்த்தாலும், ஆண்டு முழுதும் ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். தோண்டிய குழியை இரவு விட்டுவைத்தால் சரிந்துவிடும் என்று அன்றன்றைக்கே கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் போடச் சொன்னேன். மொத்தம் 14 குழிகள்.

ஏப்ரல் 7

தூண்களின் தலைகளை இணைத்துப் பீம் போட்டாயிற்று. பீம் மண்ணைத் தொடக் கூடாது, கீழே 80 மி.மீ. இடைவெளி வேண்டும். செங்கல் அடுக்கிப் பலகை வைத்து வார்த்து, இறுகிய பின் உருவினார்கள். அண்ணாச்சிக்கு மனமே வரவில்லை. "அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறதே, கலவை போட்டு அடைத்துவிடட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டார். அடைத்தால் உப்பும் மண் பீமையே முட்டித் தூக்கும் என்று குச்சியால் தரையில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உள்தரைக்கும் கரிசலை வெட்டியெடுத்துவிட்டுச் சரளை கொட்டச் சொல்லியிருக்கிறேன்.

மே 19

இரவெல்லாம் கோடை மழை. விடிந்ததும் மனைக்கு ஓடினேன். மண் பொங்கிக் கருத்துக் கிடந்தது. வடக்குப் பீமின் கீழ் கைவிட்டுப் பார்த்தேன். இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் நான்கு விரல்கள் இன்னும் தாராளமாக நுழைந்தன. அண்ணாச்சியும் குனிந்து தன் கையை விட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சுவருக்கு நூல் கட்டப் போனார்.