அப்பாவின் கடைசி வருமான வரிக் கணக்கு

அப்பா 2024 நவம்பர் 14 அன்று காலமானார். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் ஒரு வீடு, வங்கியில் 20 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, மாதாமாதம் வரும் ஓய்வூதியம், இவ்வளவுதான் அவர் வரவு செலவு. வருமான வரிக் கணக்கை மட்டும் எந்த வருடமும் விட்டதில்லை. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லும் 15எச் படிவத்தைக் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "பிடிச்சா பிடிக்கட்டும், ரிட்டர்ன்ல வாங்கிக்கலாம்" என்பார். அதனால் அவர் காலமான வருடமும் வட்டியில் டிடிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடித்தம் ஆகியிருந்தது.

அதைத் திரும்ப வாங்க என்ன வழி என்று விசாரித்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆளே இல்லாதபோது கணக்கு எதற்கு என்றார் ஒருவர். சொத்து அம்மா பெயருக்கு வருவதற்கே வரி கட்ட வேண்டியிருக்கும் என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. ஆடிட்டர் ஒருவரின் உதவியோடு இந்த வேலையை நான் முழுதாக முடித்தேன். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் இதில் திண்டாடுவதைப் பார்த்திருப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு.

முதலில் அந்தச் சொத்து வரி பயம். இந்தியாவில் வாரிசுரிமையாக வரும் சொத்துக்கு வரி கிடையாது. எஸ்டேட் டூட்டி என்று ஒன்று இருந்தது, அதை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வந்த வைப்புத்தொகைக்கோ வீட்டுக்கோ அந்த வகையில் ஒரு பைசா வரி இல்லை. ஆனால் இறந்தவர் உயிரோடு இருந்தவரை அவருக்கு வந்த வருமானத்துக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு 159-ஆம் பிரிவின்படி சட்டப்பூர்வ வாரிசுக்கு வருகிறது. அதைச் செய்ய வருமான வரித்துறையின் இணையதளத்தில் நாம் வாரிசு என்று முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பதிவுக்குக் கேட்பவை அதிகமில்லை. இறந்தவரின் பான் அட்டை, இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கு ஓர் ஆதாரம். இந்த மூன்றாவதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நீதிமன்றமோ வருவாய்த்துறையோ கொடுத்த வாரிசு சான்றிதழ், பதிவு செய்த உயில், அரசு கொடுத்த குடும்ப ஓய்வூதியச் சான்று, அல்லது நாமினி யார், கூட்டுக் கணக்குதாரர் யார் என்று வங்கி தன் கடிதத்தாளில் முத்திரையோடு எழுதித் தரும் கடிதம், இதில் ஏதாவது ஒன்று போதும். வரிக் கணக்குக்காக மட்டும் என்றால் வங்கிக் கடிதமே சுலபம்.

அப்பா உயில் எழுதி வைத்திருந்தார். வைப்புத்தொகை அம்மாவுக்கு என்று வெள்ளைத்தாளில் அவர் கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டது. சட்டப்படி அது செல்லும். ஆனால் பதிவு செய்யாத உயில் என்பதால் இந்தப் பதிவுக்கு ஆதாரமாகாது. மற்ற வேலைகளுக்கும் எப்படியும் தேவைப்படும் என்பதால் வாரிசு சான்றிதழுக்கே விண்ணப்பித்தோம். இ-சேவை மையத்தில் மனு. அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், கடைசியில் தாசில்தார் ஒப்புதல். அம்மா, நான், தம்பி மூவரின் ஆதாரும் அப்பாவின் இறப்புச் சான்றும் கையில் இருந்ததால் விசாரணை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்தது.

ஆடிட்டர் எல்லாத் தாள்களையும் வாங்கி மேஜையில் வரிசையாக வைத்து, பெயரை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயருக்கு முன் ஓர் எழுத்துதான் இன்ஷியல். பான் அட்டையில் அந்த எழுத்து விரிந்து தாத்தாவின் முழுப்பெயராக நிற்கிறது. ஆதாரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். "இதைப் பார்த்தா வேற வேற ஆள்னு நினைக்கலாம்மா. முன்கூட்டியே ஒரு அஃபிடவிட் வெச்சுடுவோம்" என்றார். மூன்று பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, வாரிசு சான்றிதழோடு ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்தோம். இறப்பைப் பதிவு செய்யும்போதே பான், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னால் இந்தப் பத்திரம் தேவைப்படாது. அந்த நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது என்பது எனக்குத் தெரியும். குடும்பத்தில் யாராவது ஒருவராவது நினைவு வைத்துக்கொள்ளட்டும்.

இணையதளத்தில் நம் சொந்த பான் எண்ணால் உள்ளே போக வேண்டும். இறந்தவரின் கடவுச்சொல் தெரிந்தாலும் அதை வைத்து எதுவும் செய்யக்கூடாது. உள்ளே பிரதிநிதியாகப் பதிவு செய்யும் பக்கத்தில், இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் பான் எண், இறந்த தேதி, ஆவணங்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். துறையிலிருந்து ஒப்புதல் வந்த பிறகு நம் கணக்குக்குள்ளேயே அவருடைய கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். அப்போதுதான் வந்த வருமானத்தையும் பிடித்த வரியையும் காட்டும் அவருடைய 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகளை முறைப்படி பார்க்க முடிந்தது.

பார்த்ததும் தலை சுற்றியது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வட்டி 1,46,000 ரூபாய், டிடிஎஸ் 14,600 ரூபாய், மொத்தமும் அப்பா பெயரில். அவர் போனதோ நவம்பரில். வைப்புத்தொகையை அம்மா பெயருக்கு மாற்றும் வேலை அடுத்த நிதியாண்டில்தான் முடிந்தது என்பதால், மார்ச் வரை வங்கி அப்பாவின் பான் எண்ணிலேயே வட்டியைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கும். முழு வட்டியையும் அப்பா கணக்கிலேயே காட்டிவிடலாமே என்று கேட்டேன்.

ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் இருந்தவரைக்கும் வந்தது அவர் வருமானம். அடுத்த நாள்லேர்ந்து அம்மாவோட வருமானம். நவம்பர் 14-ல ஒரு கோடு போட்டுடுங்கம்மா" என்றார்.

அந்தக் கோட்டைப் போடுவதுதான் இந்த முழு வேலையின் சாரம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவாகும். ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர் இரண்டும் சந்தேகமில்லாமல் அப்பாவுடையவை. ஜனவரி-மார்ச் அம்மாவுடையது. நடுவில் அக்டோபர்-டிசம்பர் காலாண்டு இருக்கிறதே, அதற்குள்தான் அந்தத் தேதி வருகிறது. 20 லட்சத்துக்கு 7.3 சதவீத வட்டி என்றால் ஒரு நாளைக்கு 400 ரூபாய். அந்தக் காலாண்டின் 92 நாட்களில் நவம்பர் 14 வரை 45 நாட்கள், ஆக 18,000 ரூபாய் அப்பாவுக்கு. மீதி 47 நாட்களுக்கு 18,800 ரூபாய் அம்மாவுக்கு. மொத்த வருடத்தையும் கூட்டினால் அப்பாவுக்கு 91,200, அம்மாவுக்கு 54,800. டிடிஎஸ்ஸையும் அதே கணக்கில் பிரித்து, அப்பாவுக்கு 9,120, அம்மாவுக்கு 5,480 என்று எழுதிக்கொண்டோம்.

வங்கியில் தேதி பிரித்து வட்டிச் சான்றிதழ் கேட்டபோது, கணினியில் நிதியாண்டுக்கு ஒன்றுதான் வரும் என்றார்கள். கேட்டதைக் கடிதமாகக் கொடுத்து, கணக்கு அறிக்கையை முத்திரையோடு வாங்கி வந்தோம். இறப்புக்குப் பின் பிடித்த டிடிஎஸ்ஸை அம்மாவின் பான் எண்ணில் காட்டும்படி 37பிஏ விதியின் கீழ் ஓர் அறிவிப்பும் கொடுத்தோம். அந்தக் காலாண்டுகளுக்கான டிடிஎஸ் அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது, திருத்த முடியாது என்று பதில் வந்தது. நாங்கள் கொடுத்த அறிவிப்பின் நகலில், பெற்றுக்கொண்டதற்கு வங்கி போட்ட முத்திரையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாம் முறைப்படி அறிவித்தோம் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அதுதான்.

இதற்கு ஐடிஆர் எனப்படும் வருமான வரிக் கணக்குப் படிவத்திலேயே ஒரு வழி இருக்கிறது. டிடிஎஸ் அட்டவணையில், பிடித்த தொகையில் தன் பங்கு எவ்வளவு, 37பிஏ விதிப்படி வேறொருவர் கோருவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் இடம் உண்டு. அப்பாவின் கணக்கில் 9,120 மட்டும் கோரி, 5,480-ஐ அம்மாவின் பான் எண்ணுக்கு எதிரே காட்டினோம். அம்மாவின் கணக்கில் அப்பாவின் பான் எண்ணைக் குறிப்பிட்டு அதே 5,480-ஐக் கோரினோம். இரண்டு பக்கமும் ஒரே தொகை வர வேண்டும். ஐடிஆர்-1 இதற்கு உதவாது, ஏனென்றால் வேறொருவர் பெயரில் பிடித்த வரியைக் கோருபவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது. இருவருக்கும் ஐடிஆர்-2. அப்பாவின் ஏஐஎஸ் அறிக்கையில், அந்த வட்டியின் ஒரு பகுதி வேறு பான் எண்ணுக்கு உரியது என்று கருத்தும் பதிவு செய்துவிட்டோம்.

அப்பாவின் வருமானத்தைப் பார்க்கலாம். ஓய்வூதியம் ஏப்ரல் முதல் நவம்பர் 14 வரை 2,68,800. வட்டி 91,200. கூட்டினால் 3,60,000. பழையது, புதியது என்று தேர்ந்தெடுக்கக்கூடிய இரண்டில், புதிய வரி முறையில் ஓய்வூதியத்துக்குத் தானாகக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 2,85,000, அதாவது அந்த வருடத்தின் வரியில்லா வரம்பான 3 லட்சத்துக்குள். வருடத்தில் ஏழரை மாதம்தான் இருந்தார் என்பதற்காக அந்த 3 லட்சத்தையோ நிலையான கழிவையோ குறைத்துக் கணக்கிடுவதில்லை, முழுதாகக் கிடைக்கும். சட்டத்தில் இந்த ஓர் இடத்தில் எனக்கு மனம் நிறைந்தது. வருமானம் வரம்புக்குக் கீழே இருந்ததால் எங்கள் விஷயத்தில் தாக்கல் செய்வது கட்டாயம்கூட இல்லை. தாக்கல் செய்யாவிட்டால் அந்த 9,120 திரும்பாது, அவ்வளவுதான். ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருக்கிறார். அவருக்குச் சேர வேண்டியதை அரசிடம் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மார்ச்சில் நிலுவையோடு சேர்ந்து வந்தது. குடும்ப ஓய்வூதியத்தை ஓய்வூதியம் போலச் சம்பளத் தலைப்பில் காட்டக்கூடாது. அது இதர வருமானத்தில் வரும். கழிவும் வேறு. மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய வரி முறையில் 25,000 ரூபாய், எது குறைவோ அது. இந்தக் கழிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

2025-ல் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, கடைசியில் 16 வரை கொடுத்தார்கள். பழைய வரி முறை யாருக்கு லாபமோ அவர்கள் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தேதி தாண்டினால், தொழில் வருமானம் இல்லாதவர்களுக்குப் புதிய முறைதான் கதி. எங்களுக்கு எந்த முறையிலும் வரி இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லாமல் போயிற்று. அப்பாவின் கணக்கில் பிரதிநிதியாக என் பெயர், என் பான். சரிபார்ப்பு என் ஆதார் ஓடிபி மூலம். பணம் வர, முன்கூட்டிச் சரிபார்த்து வைத்திருந்த என் வங்கிக் கணக்கைக் கொடுத்தேன். அப்பாவின் ரீஃபண்ட் முதலில் வந்தது, அம்மாவுடையது கொஞ்சம் தாமதமாக.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு மாமா ஒரு சந்தேகம் கேட்டார். தன் அண்ணனுக்கு வரிப் பாக்கி இருந்து, அவர் பிள்ளைகள் வாரிசாகப் பதிவு செய்துகொண்டால், பிள்ளைகளின் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று. மாட்டார்கள். வாரிசின் பொறுப்பு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான். வரியைக் கட்டாமல் அந்தச் சொத்தை விற்றுவிட்டால்தான் அந்த அளவுக்குச் சொந்தப் பொறுப்பு வரும். இறந்தவர் பெயருக்கே அனுப்பிய மறுமதிப்பீட்டு நோட்டீஸ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அதற்காக வந்த நோட்டீஸைப் பிரிக்காமல் வைத்துவிடக் கூடாது. ஆள் இல்லை என்று இறப்புச் சான்றோடு உடனே பதில் போட வேண்டும்.

வீட்டை விற்கச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. இப்போதைக்கு விற்கவில்லை. விற்கும் நாளில் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரும். அப்போது வீடு அம்மாவிடம் இருந்த காலத்தோடு அப்பா வைத்திருந்த காலமும் சேரும், அடக்க விலையும் அப்பா கொடுத்த விலைதான். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அதனால் அப்பாவின் பழைய கிரயப் பத்திரம், கட்டுமானச் செலவு ரசீது எதையும் தூக்கிப் போடவில்லை.

அப்பாவின் பான் அட்டையை ஒப்படைக்கும் மனுவைக் கடைசியாகத்தான் கொடுத்தோம், இரண்டு ரீஃபண்டும் வந்து சேர்ந்த பிறகு. முதலிலேயே ஒப்படைத்திருந்தால் இத்தனையும் சிக்கலாகியிருக்கும். வைப்புத்தொகை இப்போது அம்மா பெயரில் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கு வட்டியில் டிடிஎஸ் பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000-லிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தும், 1,46,000 அதையும் தாண்டுகிறது. அம்மாவுக்கோ வரி எதுவும் வராது. அதனால் பெயர் மாற்றம் முடிந்த அன்றே, அதே கவுன்ட்டரில் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லி 15எச் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.